எல்லை தாண்டும் ரயிலில் பெட்டியைத் திறப்பது யார், எங்கே?

இராமநாதபுரத்தில் நான் வைத்திருப்பது டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை. விமானம், ரயில், விசா, பாஸ்போர்ட் பதிவு எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். சில மாதங்களுக்கு முன் தொண்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மகளை மலேசியாவில் ஜொகூர் பாருவில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மகன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு மகளையும் பார்த்துவிட்டு வரவேண்டும். "ஜொகூருக்கு ரயிலே இருக்கும்மா, அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

"அஞ்சு நிமிஷத்துல எப்படித் தம்பி எல்லாருக்கும் பாஸ்போர்ட் பார்ப்பாங்க? பெட்டியெல்லாம் எப்போ திறப்பாங்க?"

கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றாலே விமானம் என்றாகிவிட்டது. கீழக்கரையில், தொண்டியில், பனைக்குளத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சென்னை, திருச்சி, மதுரை விமான நிலையங்களின் வரிசை எப்படி நகரும் என்று சொல்ல ஆள் உண்டு. ரயிலில் நாடு தாண்டிய ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகும்வரை, ரயிலேறி வெளிநாடு போவது இங்கே சாதாரணம். அந்தப் பழங்கதை இந்த விளக்கத்துக்கு ரொம்பவே உதவும். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் பார்க்கிறவரையும் பெட்டியைத் திறக்கிறவரையும் ஒரே ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் வேறு வேறு துறை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்ப்பது இமிக்ரேஷன். நம் நாட்டில் அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இதே வேலையை இலங்கைத் தமிழர் குடிவரவு குடியகல்வு என்பார்கள், சிங்கப்பூரில் குடிநுழைவு என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆள்: நீங்கள் யார், எதற்கு வருகிறீர்கள், எப்போது கிளம்புவீர்கள். பெட்டியைத் திறப்பது சுங்கம், அதாவது கஸ்டம்ஸ். அது நிதி அமைச்சகத்தின் பிள்ளை. அவர்களுக்கு வேண்டியது பொருள்: என்ன கொண்டுவருகிறீர்கள், அதற்கு வரி உண்டா, தடை உண்டா. இமிக்ரேஷனில் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார் என்பதற்காகக் கஸ்டம்ஸும் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். அவருக்கு இவர் பதில் சொல்லப்போவதில்லை.

சுங்கம் நமக்குப் புதிதுமில்லை. துறைமுகத்தில் வாங்கும் வரிக்கு உல்கு என்று பழந்தமிழில் தனிச்சொல் இருந்தது. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயரே நிலைத்தது. ஒரு வரியை எடுத்ததற்காக ஒரு ராஜாவைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வரி எவ்வளவு உறுத்தியிருக்கும் பாருங்கள். இரண்டு கரைக்கு இடையே விலையிலோ விதியிலோ வித்தியாசம் இருக்கும்வரை சுங்கத்துக்கு வேலை இருக்கும். சில வருடங்களுக்கு முன் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விலை ஏறியது; இங்கிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் படகேறப் பார்த்துப் பிடிபட்டது. சாம்பாரில் போடுகிற மஞ்சள்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு, அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள்: நோய் பார்க்கிறவர். மனிதனோடு வரும் தொற்று, செடியோடும் விதையோடும் மாமிசத்தோடும் வரும் பூச்சி, கிருமி எல்லாம் அவர் கணக்கு. கொரோனா காலத்தில்தான் நம் ஆட்களுக்கு அவரை மறுபடி தெரியவந்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எல்லை என்றால் இரண்டு நாடு. நோய் பார்ப்பதை விட்டுவிட்டாலும், இங்கே வெளியேறும்போது ஆள், பொருள். அங்கே நுழையும்போது ஆள், பொருள். ஆக நாலு சோதனை. சோதனை உள்ள எந்த எல்லையிலும் இந்த நாலும் எப்படியாவது நடந்தாக வேண்டும். விமானத்தில் இதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் விமானம் நடுவானில் யாரையும் இறக்கிவிடாது. இரண்டை ஏறும் ஊரிலும் இரண்டை இறங்கும் ஊரிலும் வைத்துவிட்டால் போதும்.

ரயில் அப்படியில்லை. அது தரையில் போகிறது, வழியில் நிற்கிறது, வேகம் குறைந்தால் குதித்துவிடலாம், சங்கிலியை இழுத்து நிறுத்தலாம். சாமான் சீட்டு ஒட்டித் தனியாகப் போவதில்லை. உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. நீங்கள் எழுந்து பாத்ரூம் போனபோது பக்கத்துக்காரர் ஒரு பொட்டலத்தை உங்கள் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம். பெட்டியின் கூரைத்தகடு, சீட்டுக்கு அடியில் உள்ள அறை, கக்கூஸ் சுவர்ப் பலகை என்று ஒளிக்க ஆயிரம் இடம். அதனால் ரயிலில் பயணியைச் சோதித்தால் மட்டும் போதாது, ரயிலையும் சோதிக்கவேண்டும். அதற்கெல்லாம் நேரம் வேண்டும். நேரம் என்றால் ரயில் நிற்கவேண்டும். எங்கே நிறுத்துவது? எல்லை தாண்டும் ரயில்களின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு கேள்விதான். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

நேரடியான பதில், எல்லையிலேயே நிறுத்தி எல்லாரையும் சாமானோடு இறக்குவது. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் நடுவே 1976-இல் தொடங்கிய சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் அப்படித்தான் ஓடியது. நம் பக்கம் அட்டாரி, அவர்கள் பக்கம் வாகா. 2019 ஆகஸ்டில் நின்றது. கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸும் 2008-இல் தொடங்கியபோது அப்படித்தான். கேதே நிலையத்தில் இறங்கு, வரிசையில் நில், ஏறு. எல்லையைத் தாண்டித் தர்ஷனாவில் மறுபடி இறங்கு, வரிசையில் நில், ஏறு. கைக்குழந்தை, பாட்டி, நாலு பெட்டி, தோளில் ஒரு மூட்டை என்று வருகிற குடும்பம் இதை இரண்டு தடவை செய்வதை நினைத்துப் பாருங்கள். ஓடிய நேரத்துக்குப் போட்டியாக நின்ற நேரமும் இருந்தது.

2017 நவம்பரில் இதை மாற்றினார்கள். கொல்கத்தாவில் ஏறுவதற்கு முன்பே இந்தியச் சோதனை, டாக்காவில் இறங்கியபின் வங்கதேசச் சோதனை. நடுவில் எவரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ரயிலை ஏறக்குறைய விமானமாக ஆக்கிவிட்டார்கள். பயண நேரம் மணிக்கணக்கில் குறைந்தது. அந்த ரயில் 2024 ஜூலையிலிருந்து ஓடவில்லை, அதற்குக் காரணம் அரசியல். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நடுவில் உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் நஷ்டம். ரயில் கண்ணெதிரே போகும், ஏற முடியாது.

இன்னொரு வழி, பயணி உட்கார்ந்த இடத்துக்கே அதிகாரி வருவது. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. நடு இரவில் தட்டி எழுப்பி விளக்கைப் போட்டு, பெட்டியைக் கீழே இறக்கச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனா–மங்கோலியா எல்லையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் ரயில் பெட்டிகளைத் தூக்கி அடியிலுள்ள சக்கரத்தொகுதியையே மாற்றுவார்கள். சீனாவில் தண்டவாள அகலம் 1,435 மி.மீ., மங்கோலியாவில் 1,520. எப்படியும் நின்றுதான் ஆகவேண்டும், அதற்குள் காகித வேலையும் முடிந்துவிடும். நம் பக்கமும் அகலம் ஒத்துப்போகாத கதைதான்: அன்று தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜ், கடலுக்கு அந்தப்புறம் இலங்கையில் அகலப்பாதை. கடலில் பாலமே கட்டியிருந்தாலும் சென்னையிலிருந்து கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த அந்த போட் மெயில் ரயில் நேரே கொழும்பு போயிருக்காது.

ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்குள் சோதனையையே எடுத்துவிட்டார்கள். பாரிசில் ஏறி பிரஸ்ஸல்சில் இறங்கினால் நாடு மாறியது செல்போன் குறுஞ்செய்தியில்தான் தெரியும். இடையிடையே சில நாடுகள் தற்காலிகமாகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. அதனால் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த வழி: வெளிநாட்டு அதிகாரியை உங்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு வருவது. லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறுவதற்கு முன், லண்டன் மண்ணிலேயே பிரெஞ்சு போலீஸ் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடும். பாரிசில் இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே தெருவுக்குப் போகலாம். திரும்பும்போது பாரிசில் பிரிட்டிஷ் அதிகாரி உட்கார்ந்திருப்பார். எதற்கு இந்தப் பாடு? ஒருவரை உள்ளே விட முடியாது என்றால், அவர் கிளம்பும் முன்பே தெரிந்துவிட வேண்டும். வந்து இறங்கியபின் திருப்பி அனுப்புவது இரண்டு பக்கத்துக்கும் செலவு, அந்த ஆளுக்கும் அவமானம். இதற்கு இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, 'என் மண்ணில் உன் ஆள் இந்த இந்த அதிகாரத்தோடு உட்காரலாம்' என்று எழுதிக்கொள்ள வேண்டும். சும்மா ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிற விஷயமில்லை.

இதை ஏதோ ஐரோப்பியப் புதுமை என்று யாராவது சொன்னால் அவரை இராமேசுவரம் ரயிலில் ஏற்றிவிடுங்கள். மண்டபத்துக்குச் சற்று முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று தனியாக ஒரு ஸ்டேஷன் வரும். எதற்கு ஒரே ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேம்ப்தான் விடை. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தடுப்புக்காவல் முகாம் அது. காவல் ஆளுக்கு இல்லை, நோய்க்கு. பிளேக், காலரா, அம்மை தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை இங்கேயே சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள். துணியை வேகவைத்துக் கொடுத்தார்கள், அம்மை குத்தினார்கள், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதற்கு எண் பொறித்த தகர வில்லையைச் சரிபார்த்தார்கள். மேல்வகுப்பில் வந்த துரைமார்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கிடையாது. கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியுமா என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்றைய பயணத்தை அப்படியே வரிசையாகப் பாருங்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடித் துறைவரை ரயில். அங்கிருந்து ஏறக்குறைய 22 மைல் கடல், இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்களில். தலைமன்னார் துறையில் கொழும்பு ரயில் காத்திருக்கும். கொழும்புவரை ஒரே டிக்கெட். தனுஷ்கோடியில் தபால் ஆபீஸ், துறைமுக ஆபீஸ் எல்லாவற்றோடும் ஒரு சுங்க அலுவலகமும் இருந்தது. நம் நாலு சோதனைக் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். பெட்டியைத் தனுஷ்கோடியில் பார்த்தாயிற்று. நோயை அதற்கும் முன்னால் மண்டபத்திலேயே, அதுவும் போகிற நாடே வந்து உட்கார்ந்து பார்த்தாயிற்று. லண்டனில் பிரெஞ்சு போலீஸ் உட்காருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கதை இது.

ஆள் சோதனை மட்டும் அப்போது இன்றைய அளவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஆட்சி. 1948-இல் இலங்கை தனக்கென்று குடிவரவுச் சட்டம் போட்டபிறகுதான் பாஸ்போர்ட்டும் விசாவும் நடுவில் வந்து நின்றன. 1964 அக்டோபரில், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பரில் புயல். அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து போனது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள். முன்னோர்கள் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பிய அதே மண்டபம் கேம்பில் அவர்களைப் பதிந்து, குடும்ப அட்டை கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பிறகு போர்க்காலத்தில் அகதிகள் வந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் 'சிலோன் பாட்டி' என்று கூப்பிடப்பட்ட ஒருவர் இருந்தார். ராணி சோப்பு வாசம் அடித்தால் "இது என் பெட்டியில வந்த சோப்பு" என்பார். அந்தப் பெட்டியில் வேறென்ன வர அனுமதித்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

சரி, தொண்டி அம்மாவிடம் வருவோம்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் தெப்ராவ் ஷட்டில் ரயில், இரண்டு வழியையும் கலந்து வைத்திருக்கிறது. ஜொகூர் போகும்போது, உட்லண்ட்ஸில் சிங்கப்பூர் கவுண்டரில் வெளியேறிச் சில அடி நடந்தால் அங்கேயே மலேசிய கவுண்டர். சிங்கப்பூர் மண்ணில் நின்றுகொண்டே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். பிறகு ரயில், அஞ்சு நிமிடம், இறங்கினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். திரும்பி வரும்போது வேறு மாதிரி: மலேசிய வெளியேற்றம் ஜொகூரில், சிங்கப்பூர் நுழைவு உட்லண்ட்ஸில். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இந்த ஒற்றுமையின்மையில்தான். அதே இரண்டு ஊரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் என்ற புது ரயிலில் இரு திசையிலும் புறப்படும் நிலையத்திலேயே இரண்டு நாட்டுச் சோதனையும் முடியும்படி திட்டம். அது வந்தால் இந்தக் குழப்பம் தீரும். கட்டணத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. உட்லண்ட்ஸில் 5 டாலர், ஜொகூரில் 5 ரிங்கிட். எண் ஒன்றேதான், காசு மதிப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். ரிட்டன் டிக்கெட் போடும்போது பாதிப் பேர் இதை வைத்து என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

நானும் ஒரு தடவை மாமாவோடு அதில் வந்திருக்கிறேன், ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் பக்கம். இமிக்ரேஷன் முடிந்து வெளியே போகிற வழியில் பைகளை ஸ்கேனரில் வைக்கச் சொன்னார்கள். மாமாவின் ரெக்ஸின் பை உள்ளே போய் நின்றுவிட்டது. அதிகாரி பையைத் திறந்தார். நெத்திலிக் கருவாட்டை எடுத்து மோந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைத்தார். இட்லிப்பொடியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்த புகையிலைப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கினார். மெல்லுகிற புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. மாமாவுக்கு அது தெரியாது. "இது எனக்கு, விக்கிறதுக்கு இல்ல" என்று மூன்று தடவை சொன்னார். பொட்டலம் போயிற்று, எச்சரிக்கையோடு எங்களை விட்டார்கள். வழியெல்லாம் மாமா கருவாட்டை விட்டுவிட்டுப் புகையிலையைப் பிடித்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நியாயம் என்னவென்றால், பொருளின் விலையை வைத்து எதையும் யூகிக்க முடியாது. கசகசா நம் வீட்டுச் சமையல் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிச்சலுகையே கிடையாது, ஒன்று என்றாலும் கணக்கில் சொல்லவேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு மதுவிலும் சலுகை இல்லை. இந்தப் பக்கம் பார்த்தால், கடல் அட்டை நம் கடலில் கிடைப்பதுதான்; வனவிலங்குச் சட்டத்தில் இருப்பதால் அதைப் பையில் வைத்தாலே குற்றம்.

பொருளைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. வரி கட்ட ஒன்றுமில்லை என்றால் பச்சை வழி, இருந்தால் சிவப்பு வழி. பச்சை வழியில் நடந்தாலே 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று வாக்குமூலம் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் பிடிபட்டால் மறந்துவிட்டேன் என்பது எடுபடாது. சந்தேகமாக இருந்தால் சிவப்புப் பக்கம் போய்க் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு அபராதம் கிடையாது. எவ்வளவு சாமானுக்கு, எத்தனை கிராம் நகைக்கு விலக்கு என்ற அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்ப்பதே நல்லது. வெளிநாட்டு நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் கையில் கொண்டுவந்தால் இந்தியாவில் இறங்கும்போது எழுதிக் கொடுக்கவேண்டும்.

ஆள் சோதனைக்கு அந்த அம்மாவிடம் நான் வற்புறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று: போய்விட்டுத் திரும்பும் பயணம் என்றால் விசாவிலும் திரும்ப இடம் இருக்கவேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு ஜொகூர் போனால் சிங்கப்பூருக்குள் மறுபடி வர முடியாது. ஊருக்கு டிக்கெட் சிங்கப்பூரிலிருந்து என்றால் கதை முடிந்தது. அதனால் விசா பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். சிங்கப்பூருக்கான வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டும். இலவசம்தான், காசு கேட்கிற தளத்தை மூடிவிடுங்கள். ஜொகூர் போய்த் திரும்பும்போது அதை இன்னொரு தடவை நிரப்பவேண்டும் என்பதை மகன் மறக்கக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். வெற்றிலைப் பெட்டியையும் கேட்டேன். சிரித்துக்கொண்டே "அதெல்லாம் விட்டு நாளாச்சு" என்றார்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அழைப்பு. பின்னால் ஜொகூர் நிலையத்து இரைச்சல்.

"தம்பி, ரயில்ல இருந்து இறங்கி வெளிய வந்துட்டேன். யாருமே எதுவும் கேக்கல. தப்பான வழியில வந்துட்டேனா?"

"இல்லம்மா. உட்லண்ட்ஸ்ல ரெண்டாவதா ஒருத்தர் பாஸ்போர்ட் பார்த்தாரே, அவர்தான் மலேசியா."

"அவரா? அவரையும் நான் சிங்கப்பூர்க்காரர்னுல்ல நெனச்சேன்."